எங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் என்னிடம் சொன்னார். பிறகு அவரே, "வேணாம், சாப்பாட்டுக்கு முன்னாடி டெக்னிக்கலா பேசினா யாரும் உட்கார மாட்டாங்க, உங்க ஊரைப் பத்திப் பேசு" என்று மாற்றிக்கொண்டார். அண்ணன் சொன்ன இரண்டையும் தட்டாமல் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதில் கொஞ்சம் டெக்னிக்கலும் வரும், கொஞ்சம் மீன் குழம்பும் வரும்.

என் ஊர் கோட்டுச்சேரிமேடு. காரைக்கால் பகுதியில் ஒரு சின்னக் கடலோர கிராமம். விடுதியில் இருந்த நாட்களில் "காரைக்கால்" என்று சொன்னவுடனே நண்பர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "அப்படியா மச்சான், அங்கே எல்லாம் விலை கம்மியாமே!" என்பார்கள். எது விலை கம்மி என்று நான் இந்த மேடையில் விளக்கத் தேவையில்லை. அந்தக் கேள்வி தீர்ந்த பிறகு அடுத்த கேள்வி வரும்: "சரி, உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"

இன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது?

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளில் காரைக்கால் ஒன்று. புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல். 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இடம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அவர்கள் போய் இத்தனை காலம் ஆகியும் எங்கள் பக்கம் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் "கொம்யூன் பஞ்சாயத்து" என்றுதான் எழுதியிருக்கும். நாங்கள் கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்தவர்கள்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் வந்தால் கோட்டுச்சேரி. வயலும் வாய்க்காலும் கடைத்தெருவும் உள்ள ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கடலைப் பார்த்து வந்தால் எங்கள் மேடு. இந்த "மேடு" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

மேடு என்றால் என்ன?

எங்கள் கரையில் உள்ள மீனவ கிராமங்களின் பெயர்களை வரிசையாகக் கேளுங்கள்: கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு. ஒன்று இரண்டு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாக இப்படி வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காவிரி டெல்டா முழுவதும் தட்டையான பூமி. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜன் ஆறு என்று காவிரியின் பிள்ளைகள் எல்லாம் காரைக்கால் பகுதியில் பிரிந்து ஓடிக் கடலில் கலக்கின்றன. ஆறு கொண்டுவந்து போடும் மணலைக் கடல் எடுத்துக் கரையோரமாக அடுக்குகிறது. காற்று அதை இன்னும் உயர்த்துகிறது. இப்படிக் கரைக்கு இணையாக நீளமாக மணல் மேடுகள் உண்டாகின்றன. ஒரு மேடு, அதற்குப் பின்னால் ஒரு தாழ்வு, மறுபடி ஒரு மேடு. அந்த மேட்டின்மேல் குடியேறியவர்கள் நாங்கள். உள்ளே வயல்காட்டில் இருப்பது கோட்டுச்சேரி. அதற்கு நேரே கடலோர மணல்மேட்டில் இருப்பது கோட்டுச்சேரிமேடு. காசாக்குடிக்கும் காசாக்குடிமேட்டுக்கும், காரைக்காலுக்கும் காரைக்கால்மேட்டுக்கும் இதே உறவுதான். ஊர்ப் பெயரே ஒரு சர்வே ரிப்போர்ட்!

வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் மணல். எங்களுக்கு அது அஸ்திவாரம், மதில், தண்ணீர்த் தொட்டி, தொழிற்கூடம், விளையாட்டு மைதானம், இரவில் படுக்கையறை. ஒரே இடத்துக்கு இத்தனை வேலை.

மணலுக்கு அடியில் தண்ணீர்

தண்ணீர்த் தொட்டி என்றேன். கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். என் ஆயா மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டுவார். கொஞ்ச நேரத்தில் ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல்; குடத்தில் தித்திப்பான ஊத்துத் தண்ணீர்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை இந்தக் கல்லூரியில்தான் படித்தேன். மேட்டில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல் தண்ணீர் 1.025. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று சிவில்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேர்வுக்கு வந்த கேள்விதான்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மேட்டை வெட்டி மணலை எடுத்தாலும் இதே கதைதான். ஆயா கையால் தோண்டியதற்குக் காரணம் வறுமை மட்டும் இல்லை. அந்தத் தண்ணீரை அப்படித்தான் எடுக்க வேண்டும். மேலாக, மெதுவாக, தேவைக்கு மட்டும்.

கடலில் ஒரு நாள்

சரி, மணலை விட்டுக் கடலுக்கு வருவோம். என் சிறுவயதில் கரை முழுக்கக் கட்டுமரம். நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ஆணி கிடையாது. திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை வெயிலில் காயப் போடுவார்கள். இங்கிலீஷ்காரன் கடன் வாங்கிய தமிழ் வார்த்தைகளில் இதுவும் ஒன்று. அலைமேல் கவிழ்ந்தாலும் முழுகாது. புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். இதைவிடப் பாதுகாப்பான டிசைனை நான் இன்னும் பார்க்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு எல்லாம் ஃபைபர் போட்டு. பின்பக்கம் நீளமான தண்டோடு எட்டு, பத்து குதிரைசக்தி டீசல் எஞ்சின். விடியலுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய், வலை போட்டு, காலையிலேயோ மதியத்துக்குள்ளேயோ திரும்புகிற தொழில். நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் பெரிய விசைப்படகுகள் அரசலாற்று முகத்துவாரத்தில் உள்ள காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும். அவற்றுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற நேரம்.

எங்கள் ஊர் ஆட்கள் ஆழத்தை மீட்டரில் சொல்ல மாட்டார்கள். "ஏழு பாகம், பத்துப் பாகம்" என்பார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்துக்குப் "பார்" என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள்: ஒரு பனைமரம், அதன் பின்னால் ஒரு கோபுரம். இன்னொரு பக்கம் காரைக்கால் கலங்கரை விளக்கமும் வேறொரு மரமும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார். சர்வே வகுப்பில் பிளேன் டேபிள் வைத்து நாம் இரண்டு வாரம் திண்டாடிய ரிசெக்‌ஷன், எங்கள் பெரியப்பாவுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்! இப்போது எல்லார் கையிலும் ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஆனாலும் பேட்டரி இறங்கினால் பனைமரம்தான்.

காற்றுக்கும் ஆளுக்கொரு பெயர் உண்டு. மேற்கே இருந்து வருவது கச்சான். வடக்கே இருந்து வாடை. கிழக்கே இருந்து கொண்டல். தெற்கே இருந்து சோழகம். கடலோட்டத்துக்கும் பெயர் உண்டு. தெற்கேயிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே வந்தால் வன்னி. எந்தக் காற்றில் எந்த ஓட்டம் வரும், அதில் எந்த மீன் வரும், எந்த வலையை எடுக்க வேண்டும் என்று மணலில் உட்கார்ந்தபடியே தீர்மானம் ஆகிவிடும்.

போட்டு கரைக்கு வந்ததும் ஏலம். டீசல் செலவு போக மீதிப் பணத்தில் போட்டுக்கும் வலைக்கும் பங்கு, ஆட்களுக்குப் பங்கு. சம்பளம் என்ற பேச்சே இல்லை. கிடைத்தால் எல்லாருக்கும், கிடைக்காவிட்டால் யாருக்கும் இல்லை. கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று இருக்கிறது. தகராறைத் தீர்ப்பது, கோயில் திருவிழாவுக்கு வரி போடுவது, எந்த வலையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று முடிவு செய்வது எல்லாம் அங்கேதான். அதன் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊர்ப் பெருமை பேச வந்தாலும் உண்மையை மறைக்கக் கூடாது.

ஏனென்றால், மீன் கரையேறிய பிறகு தொழிலே பெண்கள் கையில்தான் இருக்கிறது. ஏலத்தில் எடுப்பது, தரம் பிரிப்பது, கருவாடு போடுவது, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக் கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி என்று தெருத்தெருவாய்ப் போவது எல்லாம் அவர்கள்தான். புருஷன் கடலில் சம்பாதிப்பது நிச்சயமில்லை. பெண்சாதி கூடையில் கொண்டுவருவதுதான் அடுப்பு எரிய நிச்சயம். எங்கள் ஊரிலிருந்து என்னை மாதிரி படிக்க வந்த பலருக்கும் ஃபீஸ் கட்டிய பணத்தில் மீன் வாசம் இருந்தது.

விருந்தாளிக்கு

இப்போது சுற்றுலாப் பகுதி. சங்கத்துக் குடும்பங்கள் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் என்ன பார்க்கலாம்?

வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அங்கேதான். 1845-இல் டேனிஷ்காரர் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆக, ஒரே காலை நேரத்தில் நீங்கள் டேனிஷ் பூமி, பிரெஞ்சு பூமி இரண்டையும் பஸ்ஸில் கடந்துவிடலாம்.

தெற்கே வந்தால் காரைக்கால் நகரம். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே இருப்பவர்கள் பிடிப்பார்கள். தலையைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அம்மையாரின் கணவர் பரமதத்தன் கப்பலேறிப் போன வணிகர் என்று பெரிய புராணம் சொல்கிறது. எங்கள் கரையின் கடல் வாணிபத்துக்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

மேற்கே திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி வந்தால் நாடே அங்கே வந்துவிடும். இன்னும் தெற்கே திருமலைராயன்பட்டினம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு அந்தக் கடற்கரைக்கு வருவார். மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுத்தான் வரவேற்பார்கள். மீனவத் தலைவன் மகள் பத்மினியைக் கட்டியவர் என்பதால் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. சாமியை முறை சொல்லிக் கூப்பிடும் உரிமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அதையும் தாண்டினால் நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில். மூன்று மதமும் அரைநாள் பயணத்துக்குள் அடக்கம்.

சாப்பாட்டுக்கு எங்கள் மேட்டுக்கு வந்துவிடுங்கள். கானாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான், வஞ்சரம் என்று அன்றைக்குக் கடல் என்ன கொடுத்ததோ அது. நேற்று வைத்த குழம்பு இன்றைக்குத்தான் ருசிக்கும் என்பது எங்கள் ஊர்ச் சித்தாந்தம். தை, மாசி மாதங்களில் ராத்திரி கரையில் நடந்தால் முட்டையிட வரும் பங்குனி ஆமையையும் பார்க்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமை வந்தது பிரசவத்துக்கு, போட்டோவுக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கடலோர ஊரைப் பற்றிப் பேசிவிட்டு 2004 டிசம்பர் 26-ஐச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் பகுதியை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. ஆழ்கடலில் அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 4,000 மீட்டர் ஆழத்துக்கு மணிக்கு 700 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் எங்கள் கரையில் அது. ஆழ்கடலில் அந்த அலை உயரமே தெரியாது. கரையை நெருங்கி வேகம் குறையும்போதுதான் எழுந்து நிற்கும். அதனால் கடலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கரையில் மீன் வாங்கவும் பிரிக்கவும் நின்ற பெண்களும், லீவு நாளில் மணலில் விளையாடிய பிள்ளைகளும் போனார்கள். காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 உயிர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. என்னோடு பந்து விளையாடியவர்கள் சிலரின் பெயர் இப்போது ஊர் நினைவில் மட்டும் இருக்கிறது.

அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி இங்கே இருக்கும் தம்பி தங்கைகள் யோசிக்க வேண்டும். அதே நாள், அதே புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்து, வானிலை, அலை விவரம் சொல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் மேட்டுக்கு ஓடித் தப்பியது. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, சொன்னால் நம்பும் ஜனம். மூன்றும் இருந்தன, ஊர் பிழைத்தது.

2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்துவிட்டது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது முன்கூட்டியே எல்லாருக்கும் சேதி வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2017-இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. கரைவரைக்கும் வந்துவிட்ட விஞ்ஞானம் கடைசி சில மைல் கடலைக் கடப்பதுதான் இன்னும் பாக்கி. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கவலை

சுனாமியில் எங்கெல்லாம் மணல்மேடு வெட்டுப்படாமல் உயரமாக இருந்ததோ, அங்கெல்லாம் தண்ணீர் தயங்கியது. மேடு கரைந்த இடத்திலும் ஆற்று முகத்திலும் வழி கிடைத்து உள்ளே புகுந்தது. அதன் பிறகும் மேட்டின் மதிப்பு எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "அழகான பீச்சு, சும்மா கிடக்கே, ஒரு ரிசார்ட் போட்டா என்ன?" என்று கேட்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் சுற்றுலாவுக்கு எதிரி இல்லை. எங்கள் பெண்கள் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டுக் காசு பார்த்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் "சும்மா கிடக்கே" என்ற வார்த்தைதான் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. அது போட்டு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், தண்ணீர் ஊறும் இடம். சும்மா கிடப்பதாக நினைக்கும் இடத்தில்தான் ஓர் ஊரே பிழைக்கிறது.

இந்தக் கரைக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1990-களில் நம் கரையெங்கும் இறால் பண்ணைகள் வந்தன. குடிநீர் உப்பாகிறது, வயல் பாழாகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. 2005-இல் வேறு சட்டம் வந்து ஏற்பாடு மாறியது தனிக் கதை.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். அந்தக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல். இப்படியே தமிழ்நாட்டு எல்லைக்குள் வரை போனது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் அமிழ்ந்த தடுப்பு ஒன்றை அமைத்த பிறகுதான் நகரத்தில் மணல் கொஞ்சம் திரும்பியது. கட்டியவர்களும் நம்மைப் போன்ற எஞ்சினியர்கள்தான். தெண்டி, வன்னி என்று மணலில் உட்கார்ந்து பேசும் ஒரு கிழவரிடம் கேட்டிருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் அதிக நாள் ஓடும் என்று சொல்லியிருப்பார்.

ஆனால் கிழவர் சொல்வதைக் கூட்டத்தில் யார் பதிவு செய்வார்கள்? அதுதான் பிரச்சினை. 2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பின்படி, ஜனநெருக்கம் அதிகமுள்ள கிராமப் பகுதிகளில் கட்டடம் கூடாத தூரம் 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைய வழி வந்துவிட்டது. நாளைக்கு எங்கள் கரைக்கு ஒரு கல்சுவரோ கட்டடமோ திட்டமாக வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர்கள் பக்கம் வரைபடமும் அட்டவணையும் இருக்கும். எங்கள் பக்கம் "அந்தக் காலத்துல கடல் அங்கே இருந்துச்சுங்க" என்ற வாய்ப்பேச்சு மட்டும் இருக்கும். எது எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். பணம் கேட்கவில்லை, பொருளாளர் அண்ணன் பயப்பட வேண்டாம்.

எமரி என்ற அமெரிக்க நிலவியலாளர் 1961-இல் கடற்கரை மட்டம் அளக்க ஒரு சுலபமான வழியை எழுதினார். ஒரே அளவுள்ள, அளவு குறித்த இரண்டு கம்பு, நடுவே ஒரு கயிறு. மேட்டிலிருந்து கடலை நோக்கி வைத்துக்கொண்டே போக வேண்டும். கடல் பக்கத்துக் கம்பின் தலையையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்த்தால், அந்தக் கோடு இந்தப் பக்கத்துக் கம்பை வெட்டும் இடம்தான் இறக்கத்தின் அளவு. லெவல் கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். தொடுவானம் எங்கள் ஊரில் இலவசம்.

இந்நாள் மாணவர்கள் மாதம் ஒரு தடவை நாலு பேர் வாருங்கள். ஒரே இடத்தில், ஒரே தேதியில் மேட்டிலிருந்து அலை வரை அளந்து எழுதுங்கள். ஏழெட்டுக் கிணற்றில் தண்ணீர் மட்டமும் உப்பும் பார்த்து எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் கணக்கில் அவர்கள் கையெழுத்து இருக்கட்டும். ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னாள் மாணவர்களில் துறைமுகம், நீர்வளம், பொதுப்பணி என்று பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

பத்து வருஷம் விடாமல் செய்தால், மேடு எவ்வளவு கரைந்தது, எந்த மாதம் சேர்ந்தது, தண்ணீர் எப்போது உப்பானது என்று எங்கள் ஊர் கையில் ஒரு நோட்டு இருக்கும். எந்தக் கூட்டத்திலும் அதை மேஜைமேல் வைக்கலாம். வாய்ப்பேச்சு இல்லை, அளவு. எஞ்சினியரிங் படித்ததற்கு ஊருக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது இதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை. காரைக்கால் தூரம் என்றால் உங்கள் உங்கள் கரையிலேயே தொடங்குங்கள். கம்பும் கயிறும் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையும் ஆட்டிவிட்டார்.